கென்ட்டில் கதை எந்தக் கிழமையில் தொடங்குகிறது?

“அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1970 மே 4 அன்று நேஷனல் கார்டு என்ற மாநிலத்துப் பகுதிநேரப் படை சுட்டு நான்கு மாணவர்கள் இறந்தார்கள். ஆனால் அந்த ஊர்க்காரர்களில் நிறையப் பேர் மாணவர்களைத்தான் திட்டினார்கள் என்று படித்தேன். கண்ணெதிரே நாலு பிள்ளைகள் செத்துக் கிடக்கும்போது அது எப்படி?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

திட்டினார்கள் என்பது உண்மைதான். ஊரில் மட்டுமில்லை, நாடு முழுக்கவே. அந்த மாதம் நியூஸ்வீக் இதழுக்காக கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் 58 சதவீதம் பேர் பழியை மாணவர்கள் மேல் போட்டார்கள். படையைக் குறை சொன்னவர்கள் 11 சதவீதம். நமக்கு இது நம்பமுடியாததாகத் தெரிவதற்குக் காரணம் நம் பழக்கம். 1965 மொழிப்போரில் சிதம்பரத்தில் மாணவர் ராசேந்திரன் போலீஸ் குண்டுக்கு இறந்தபோது தமிழ்நாடே கொதித்தது. மாணவன் செத்தால் ஊர் அவன் பக்கம் நிற்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கென்ட்டில் நடந்தது வேறு.

நான் 1988இல் மேற்படிப்புக்காக அங்கே போனேன். திரவப் படிக ஆய்வுக்குப் பெயர்போன இடம் அது. பல்கலைக்கழகத்துக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில் ஒரு பழைய மர வீட்டின் மாடியில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்காரம்மா, அறுபத்தைந்து வயதுக்கு மேல், தனியாக. அவர் கணவர் நான் போவதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டார். அந்த அம்மா ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். முதல் ஒரு வருடம் மே 4 பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கக்கூடாத விஷயம் என்பது எப்படியோ புரிந்திருந்தது. இரண்டாம் வருடக் குளிர்காலத்தில், குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லப் போனபோது, “அந்தக் குளியல்தொட்டியை ஒரே ஒரு தடவைதான் விளிம்பு வரை நிரப்பியிருக்கிறேன்” என்று ஆரம்பித்தார். எதற்கு என்று கேட்டேன். “மாணவப் பிள்ளைகள் ஊர்த் தண்ணீரில் எல்எஸ்டி போதைமருந்தைக் கலக்கப் போகிறார்கள் என்று சொன்னார்கள்” என்றார்.

அந்த வதந்தி அவர் வீட்டில் மட்டும் உலவியதில்லை. கடைத்தெருவுக்கு அடியில் சுரங்கம் தோண்டிப் பெரிய கடையைத் தகர்க்கப் போகிறார்கள், எங்கோ துப்பாக்கிகளைப் பதுக்கி வைத்திருக்கிறார்கள், வியட்நாம் போருக்கு எதிரான அட்டையைச் சன்னலில் மாட்டாத கடைக்குத் தீ வைப்பார்கள் என்றெல்லாம் மே மாத முதல் வாரக் கடைசியில் ஊர் முழுக்கப் பேச்சு. இவற்றில் எதுவும் நடக்கவில்லை. ஆனால் தொட்டியை நிரப்பியவருக்கு அந்தப் பயம் நடந்த விஷயம்தானே.

இந்த ஊரின் பிளவைப் பற்றி எனக்குப் புரிந்தது ஒன்றுதான். மாணவர்களிடம் கேட்டால் கதை துப்பாக்கிச்சூடு நடந்த திங்கட்கிழமை மத்தியானம் தொடங்கும். ஊர்க்காரர்களிடம் கேட்டால் வெள்ளிக்கிழமை ராத்திரி தொடங்கும். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு தொடக்கம் இருந்தால் குற்றவாளியும் இரண்டு பேர் ஆகிவிடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை என்றால் மே 1. முந்தின நாள் இரவு அதிபர் நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, அமெரிக்கப் படை கம்போடியாவுக்குள் நுழைவதை அறிவித்திருந்தார். போரை முடிப்பதாகச் சொல்லி வந்தவர் அதை இன்னொரு நாட்டுக்குள் கொண்டுபோகிறார் என்று கல்லூரிகள் கொந்தளித்தன. கென்ட்டில் அன்று மத்தியானம் ஒரு கூட்டம் போட்டு அரசியல் சாசனத்தின் பிரதி ஒன்றைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அதுவரை அமைதி. ராத்திரி நார்த் வாட்டர் தெருவில் மதுக்கூடங்கள் நிரம்பி வழிந்தன. கூட்டம் தெருவுக்கு வந்தது, நடுத்தெருவில் நெருப்பு மூட்டினார்கள், கடைக் கண்ணாடிகள் உடைந்தன. மேயர் லெராய் சாட்ரம் பதவிக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அவர் அவசரநிலை அறிவித்து மதுக்கூடங்களை மூடச் சொன்னார். அந்த உத்தரவுதான் பெரிய தப்பு என்பது என் எண்ணம். உள்ளே நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருந்தவர்களையும் தெருவில் கொண்டுவந்து விட்டது. பிறகு கண்ணீர்ப்புகை போட்டு எல்லாரையும் வளாகத்தின் பக்கம் துரத்தினார்கள்.

வீட்டுக்காரம்மாவுக்கு இந்த இரவு ஒவ்வொரு நொடியும் ஞாபகம் இருந்தது. மறுநாள் காலையில் கணவரோடு கடைத்தெருவுக்குப் போய்க் கண்ணாடித் துண்டுகளைக் கூட்ட உதவியிருக்கிறார். தெரிந்த கடைக்காரர் ஒருவர் துடைப்பத்தோடு நின்று அழுததைச் சொல்லும்போது, இருபது வருடம் கழித்தும் அவர் குரல் இறுகியது.

இங்கே ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கென்ட் ரயில்வே பட்டறையாலும் தொழிற்சாலைகளாலும் வளர்ந்த ஊர். 1910இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கியது 1935இல் பல்கலைக்கழகம் ஆனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீங்கிப் பெருத்தது. 1970இல் ஊரின் மக்கள்தொகை சுமார் 28,000. மாணவர்கள் மட்டும் சுமார் 21,000. வீட்டு வாடகை, கடை வியாபாரம் எல்லாம் மாணவர்களை நம்பித்தான். யாரை நம்பிப் பிழைக்கிறோமோ அவர்கள்மேல் உள்ளூர ஒரு கசப்பு இருக்கும் இல்லையா, அது அங்கே நிறையவே இருந்தது. தன் பிள்ளை படிக்க முடியாத கல்லூரியில் வெளியூர்ப் பிள்ளை வந்து தாடி வளர்க்கிறான் என்ற எரிச்சல் அது.

சனிக்கிழமை மேயர் ஆளுநர் அலுவலகத்தைத் தொடர்புகொண்டு நேஷனல் கார்டைக் கேட்டார். ஊருக்குள் இரவு எட்டு மணி முதல் ஊரடங்கு. வளாகத்துக்குள் ஒரு மணி வரை நடமாடலாம். அதாவது ஊருக்குள் போக முடியாத ஆயிரக்கணக்கான பேர் ஒரே இடத்தில் அடைந்து கிடந்தார்கள். அன்று இரவு வளாகத்தில் இருந்த ராணுவப் பயிற்சிக் கட்டடம் எரிந்தது. இடிக்கத் திட்டமிட்டிருந்த பழைய மரக்கட்டடம்தான். ஆனால் தீயணைக்க வந்தவர்களின் குழாயை வெட்டினார்கள். ஊர்க்காரர்கள் கட்டடத்தை மறந்தாலும் இந்தக் குழாயை மறக்கவில்லை. தீயணைப்பு ஊழியர்கள் யார்? பக்கத்து வீட்டுக்காரர்கள், சர்ச்சில் பக்கத்தில் உட்காருகிறவர்கள்.

வந்த படையினரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆக்ரன் பக்கம் லாரி ஓட்டுநர் வேலைநிறுத்தத்துக்குக் காவல் இருந்துவிட்டுச் சரியான தூக்கம் இல்லாமல் வந்தவர்கள். பலர் மாணவர்களின் வயதுதான். வியட்நாம் போகாமல் தப்பிக்கக் கல்லூரி ஒரு வழி, நேஷனல் கார்டு இன்னொரு வழி. ஒரே போரிலிருந்து இரண்டு வாசல் வழியாகத் தப்பியவர்கள் ஒரு மைதானத்தில் எதிரெதிரே நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். குடும்பம் குடும்பமாக எரிந்த கட்டடத்தைப் பார்க்க வந்தார்கள். சில மாணவிகள் சிப்பாய்களோடு சிரித்துப் பேசினார்கள். ஒரு சிப்பாயின் துப்பாக்கியில் செருகியிருந்த பூவை அவருடைய அதிகாரி அகற்றச் சொன்னபோது, குண்டைவிடப் பூ மேல் என்று, மறுநாள் இறந்த நால்வரில் ஒருவரான அலிசன் க்ரௌஸ் சொன்னதாகக் கூறப்படுவது அன்றுதான். அன்றே ஆளுநர் ஜேம்ஸ் ரோட்ஸ் வந்து மேசையைத் தட்டிப் பேசினார். இந்தக் கும்பல் ஹிட்லரின் பழுப்புச்சட்டைக்காரர்களையும் கம்யூனிஸ்டுகளையும்விட மோசம், அமெரிக்காவில் இருக்கும் மிக மோசமான ஆட்கள் என்றார். செவ்வாய்க்கிழமை அவருக்கு செனட் வேட்பாளர் தேர்வுத் தேர்தல். ராபர்ட் டாஃப்டிடம் சொற்ப வாக்கில் தோற்றார். அந்தப் பேச்சு ஓட்டுக்காகப் பேசியது என்று இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். வீட்டுக்காரம்மா அதை வானொலியில் கேட்டபோது, கடைசியில் பொறுப்பான ஒருவர் வாய் திறந்தார் என்றுதான் நினைத்தாராம். “எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்” என்றார்.

அன்று இரவு ஹெலிகாப்டர்கள் வீட்டுக் கூரைகளுக்கு மேல் தாழப் பறந்து விளக்கடித்தன. படுக்கை அறைக்குள் வெளிச்சம் வந்து வந்து போயிற்று. சின்ன மகள் கட்டிலுக்கு அடியில் தூங்கினாள்.

திங்கட்கிழமை நடந்தது உலகத்துக்கே தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். கூட்டம் கூடத் தடை என்று பல்கலைக்கழகம் ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை விட்டிருந்தது. பலர் கண்ணில் அது படவேயில்லை. மத்தியானம் திடலில் இரண்டாயிரம் மூவாயிரம் பேர். உண்மையில் போராட வந்தவர்கள் சில நூறு பேர்தான். மற்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள், வேடிக்கை பார்த்தார்கள், வகுப்பு மாறிப் போய்க்கொண்டிருந்தார்கள். கலைந்து போகச் சொன்னதும் கல் பறந்தது, கண்ணீர்ப்புகை போட்டார்கள். படை குன்றின்மேல் ஏறி, மறுபக்கம் விளையாட்டு மைதானத்துக்கு இறங்கி, திரும்ப ஏறியது. உச்சியில், 12.24 மணிக்கு, எழுபதுக்கு மேற்பட்டவர்களில் 28 பேர் திரும்பிச் சுட்டார்கள். 13 விநாடி, 61 முதல் 67 குண்டு. நான்கு பேர் இறந்தார்கள், ஒன்பது பேருக்குக் காயம். அதில் டீன் கேலர் என்பவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

இறந்தவர்களில் மிக அருகில் நின்றவர் ஜெஃப்ரி மில்லர், ஏறக்குறைய 80 மீட்டர் தூரத்தில். சாண்ட்ரா ஷோயர் 120 மீட்டருக்குப் பக்கத்தில், வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர். வில்லியம் ஷ்ரோடர் அதே ராணுவப் பயிற்சித் திட்டத்தின் மாணவர். எரிந்த கட்டடம் யாருக்காக இருந்ததோ அவர்களில் ஒருவர்! இந்தத் தூரங்களை ஊரில் யாரிடமாவது சொன்னால் பதில் வராது. பேச்சு வெள்ளிக்கிழமைக்குப் போய்விடும்.

சுட்ட பிறகு இன்னொரு கொலை நடக்காமல் தடுத்தவர் க்ளென் ஃப்ராங்க் என்ற நிலவியல் பேராசிரியர். குன்றடியில் உட்கார்ந்துவிட்ட மாணவர்களிடம், கலைந்து போகாவிட்டால் மறுபடி சுடுவார்கள் என்று அழாத குறையாகக் கெஞ்சினார். ஒலிப்பதிவில் அவர் குரல் உடைவதை இன்றும் கேட்கலாம். அவர் ராணுவத்தை வெறுத்தவரோ புரட்சிக்காரரோ இல்லை, பழமையான எண்ணம் உள்ள மனிதர் என்பார்கள். இந்தக் கதையில் நான் முழு மனதோடு கும்பிடுகிற ஒரே ஆள்.

ஊருக்குள் என்ன ஆயிற்று? தொலைபேசி வேலை செய்யவில்லை. முதலில் பரவிய செய்தியில் இறந்தது இரண்டு படைவீரர்களும் ஒரு மாணவரும் என்று தவறாக வந்தது. அந்தச் சில மணி நேரம் ஊர் தன் கோபத்தை முடிவுசெய்துகொண்டது; சரியான செய்தி வந்தபோது கோபத்துக்குத் திரும்ப வழி தெரியவில்லை. பள்ளிக்கூடங்களைச் சீக்கிரம் விட்டார்கள். சிலர் துப்பாக்கியோடு வாசலில் உட்கார்ந்தார்கள். அரசு வழக்கறிஞர் நீதிமன்ற உத்தரவு வாங்கிப் பல்கலைக்கழகத்தை மூட, பிள்ளைகள் அன்றே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதாயிற்று. மிச்சப் பாடங்களைத் தபாலிலும் பேராசிரியர்களின் வீட்டுக் கூடத்திலும் முடித்தார்கள்.

வீட்டுக்காரம்மாவின் மூத்த மகனும் அந்தப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. வீட்டிலிருந்தே போய்வருகிறவன். அன்று மத்தியானம் அவன் குன்றுக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் நின்றிருக்கிறான். நான்கு மணிவாக்கில் பின்கட்டுத் தோட்டங்கள் வழியாக நடந்து வந்தான், சட்டைக் கையில் ரத்தம், அவனுடையது இல்லை. அப்பா கதவைத் திறந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: “வெள்ளிக்கிழமை ராத்திரி நீ எங்கே இருந்தாய்?”

பையன் பதில் சொல்லவில்லை. மாடிக்குப் போய்க் குளித்தான். அந்த வாரமே ஒரு நண்பனின் காரில் ஏறி ஆரிகன் மாநிலத்துப் பக்கம் போய்விட்டான். கிறிஸ்துமசுக்கு அட்டை வரும், அம்மா பெயருக்கு மட்டும்.

எனக்கு அந்த ஒரு கேள்வியில் முழு ஊரும் தெரிந்தது. அந்த மனிதர் கல்நெஞ்சர் இல்லை என்று அவர் மனைவி திரும்பத் திரும்பச் சொன்னார். மகன் உயிரோடு வந்த நிம்மதியில் கால் நடுங்கியதாம். ஆனால் வாயில் வந்தது அதுதான்.

பிறகு வந்த வாரங்கள்தான் அசிங்கம். நான்கு விரலைத் தூக்கிக் காட்டுவார்கள், நாலு பேராவது ஒழிந்தார்கள் என்ற பொருளில். இன்னும் நிறையச் சுட்டிருக்க வேண்டும் என்று முடிதிருத்தகத்தில் சாதாரணமாகப் பேசுவார்கள். இறந்த பிள்ளைகளின் உடம்பில் அழுக்கும் பேனும் இருந்தது, அந்தப் பெண்களுக்கு நோய் என்று கதை கட்டினார்கள். எதிலும் உண்மையில்லை. பிள்ளையை இழந்த பெற்றோருக்கு வசைக்கடிதங்கள் வந்தன. இதை வெறும் கெட்ட மனசு என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. செத்தவர் அப்பாவி என்றால் நம் பயம் முட்டாள்தனம் ஆகிவிடும். தொட்டியை நிரப்பியது, வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்தது எல்லாவற்றுக்கும் ஒரு அர்த்தம் வேண்டுமென்றால், செத்தவர் குற்றவாளியாகத்தான் இருக்க வேண்டும்.

அதே நேரம் எல்லா வீடும் அப்படி இல்லை. மாணவர்களைத் தங்க வைத்துச் சோறு போட்டவர்கள், படையைக் கண்டித்துக் கடிதம் எழுதிய போதகர்கள், பேராசிரியர் குடும்பங்கள் இருந்தன. அவர்கள் பேச்சு சத்தமாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான். சர்ச்சில் இருக்கை மாற்றிக்கொண்டவர்கள், வேறு கடையில் சாமான் வாங்கத் தொடங்கியவர்கள் என்று மௌனமாகவே ஊர் இரண்டாயிற்று.

நீதிமன்றமும் இந்தப் பிளவை ஆற்றவில்லை. ஜனாதிபதி அமைத்த ஸ்க்ரான்டன் ஆணையம், அந்தத் துப்பாக்கிச்சூடு தேவையற்றது, நியாயமற்றது, மன்னிக்க முடியாதது என்றது. ஆனால் அக்டோபரில் கூடிய மாநில விசாரணைக்குழு குற்றம்சாட்டியது 25 பேரை. அவர்கள் எல்லாரும் மாணவர்கள், முன்னாள் மாணவர்கள், ஒரு பேராசிரியர் என்று அந்தப் பக்கத்து ஆட்கள். படையினர் ஒருவர்கூட இல்லை. அந்த வழக்கும் 1971இல் ஒரு சிறு குற்றத் தீர்ப்பு, இரண்டு ஒப்புதல்களோடு கரைந்தது. 1974இல் எட்டுப் படையினர்மீது மத்திய அரசு போட்ட வழக்கை நீதிபதி தள்ளுபடி செய்தார். கடைசியில் 1979 ஜனவரியில் சமரசம்: ஒஹாயோ மாநிலம் 6,75,000 டாலர் கொடுத்தது, 28 பிரதிவாதிகள் கையெழுத்திட்ட அறிக்கையில், இந்தத் துயரம் நடந்திருக்கக் கூடாது என்று ஒரு வாக்கியம். சிலர் அதை மன்னிப்பு என்றார்கள், சிலர் இல்லை என்றார்கள். ஊருக்கு அதிலும் சண்டைதான்.

நினைவிடத்தின் கதையும் இதே மாதிரி. 1971இல் வைத்த சிறு பலகை திருடு போய், குண்டுத் துளைகளோடு திரும்பக் கிடைத்தது. 1975இல் ஆசிரியர்கள் கல்லில் ஒன்று வைத்தார்கள். 1977இல் சம்பவ இடத்தின் ஒரு பகுதியில் உடற்பயிற்சிக் கூடம் கட்டக் கிளம்பியபோது மாணவர்கள் இரண்டு மாதம் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள்; ஏறத்தாழ இருநூறு பேரைக் கைது செய்துவிட்டுக் கூடத்தைக் கட்டினார்கள். பெரிதாகத் திட்டமிட்ட நினைவிடம், முன்னாள் படைவீரர்களின் எதிர்ப்பாலும் பணம் சேராததாலும் சுருங்கி, 1990இல்தான் திறக்கப்பட்டது. அதைச் சுற்றி 58,175 டாஃபடில் கிழங்குகள் நட்டார்கள், வியட்நாமில் இறந்த அமெரிக்கர்களின் அப்போதைய கணக்குக்கு ஒவ்வொன்று. அந்தப் பூக்களை மட்டும் ஊரில் யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. நால்வர் விழுந்த இடங்களைக் கார் நிறுத்துமிடத்தில் தடுத்துக் குறித்தது 1999இல். அதுவரை அந்த இடத்தின்மேல் கார் நின்றது. நானே எத்தனை தடவை நிறுத்தியிருக்கிறேனோ.

1990இல் இன்னொரு வேலையும் தொடங்கியது: வருகிறவர்கள் எல்லாரையும் உட்காரவைத்து நினைவுகளை ஒலிப்பதிவு செய்வது. மாணவர், படைவீரர், ஊர்க்காரர் என்ற பாகுபாடு இல்லை. அந்தப் பதிவுகளில் சிலவற்றைப் பிறகு கேட்டேன். யாராக இருந்தாலும் முதல் இரண்டு நிமிடத்தில் எந்தக் கிழமையைச் சொல்கிறார்கள் என்று கவனிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வீட்டுக்காரம்மாவையும் பேசச் சொன்னேன். மறுத்துவிட்டார். “எனக்குத் தெரிந்தது எல்லாம் உன்னிடம் சொல்லிவிட்டேன், போதும்.”

சொல்லாதது ஒன்று இருந்தது. ஊரை விட்டு நான் கிளம்புகிற வருடம், கடைசியாக ஒருமுறை நடந்துவரலாம் என்று அவரே என்னை வளாகத்துக்குக் கூட்டிப்போனார். டெய்லர் ஹால் பக்கத்தில் டான் ட்ரம் என்ற சிற்பி செய்த ஒரு இரும்புச் சிற்பம் நிற்கிறது. கனத்த தகடு, அதில் ஒரு துளை, மே 4 அன்று பாய்ந்த குண்டு. வீட்டுக்காரம்மாவின் கணவர் இரண்டாம் உலகப் போரில் காலாட்படையில் இருந்தவர். நேஷனல் கார்டு கையில் இருந்த அதே எம்1 துப்பாக்கியைத்தான் அவரும் ஐரோப்பா முழுக்கச் சுமந்தார். ஊர் முழுக்க மாணவர்களைத் திட்டிக்கொண்டிருந்த அந்த மனிதர், பல வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியை இங்கே அழைத்து வந்திருக்கிறார். யாரும் இல்லை. சுண்டுவிரலை அந்தத் துளைக்குள் விட்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்றாராம். பிறகு தோட்டாவின் அளவை மட்டும் சொன்னாராம், “தர்ட்டி ஆட் சிக்ஸ்” என்று. வேறொன்றும் பேசாமல் வீட்டுக்கு நடந்தார்கள். அன்று சாயங்காலம் ஆரிகனுக்குப் போன் போட்டு, மகன் எடுத்ததும் ரிசீவரை மனைவி கையில் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.